கூழைக்கடாவின் வயிற்றுக் கதவு

அவர்கள் கோப்பில் அதற்குப் பெயர் வகை ஏழு.
என் கணினியில் கூழைக்கடா.
பனிச்சங்கேணிப் பாலத்தடியில் மிதக்கிற அதே பறவை,
அதே தொங்கல் தாடை,
எழும்புவதற்குமுன் வெகுதூரம்
தண்ணீரை மிதித்து ஓடவேண்டிய பாரம்.

நீளம் நூற்றுப் பதினெட்டு மீற்றர்.
ஆட்கள் மூவர்: ஓட்டுபவர், வழி பார்ப்பவர்,
வயிற்றருகே குப்புறப் படுத்திருந்து விடுபவர்.
விடுபவருக்குச் சன்னல் இல்லை,
பச்சை வட்டம் ஒன்று மட்டும்.
எதிரியின் தாய்க்கப்பலை உடைக்கத்தான் இந்தப் பிறவி.
சின்னக் கலங்கள் குளவிபோல் மொய்த்து வழி எடுத்துக் கொடுக்க
இது பின்னால் ஆறுதலாக வரும்,
உரசுகிற தூரத்துக்குப் போய்
சுமையை இறக்கிவிட்டுத் திரும்பும்.
திரும்பினால்.

முதல் சிக்கல்: விண்வெளியில் குண்டு விழாது.
விழுவதற்குக் கீழ் என்று ஒன்று வேண்டும்,
அங்கே அது இல்லை.
கையை விட்டாலும் கூடவே வரும்,
வீட்டு நாய் மாதிரி.
ஆகவே தண்டவாளம் வைத்தேன், சுருள்வில் வைத்தேன்,
பிடரியில் பிடித்துத் தள்ளுகிற மாதிரி.
மத்தியாஸ் எழுதினான்: அருமை, புதுசு.
ஆனாலும் பார்க்கிறவனுக்கு
விழுகிற மாதிரித் தெரியட்டும்.
ஏழாம் கட்டத்தில் ஒரு கிரகம் வருகிறது,
கீழே நகரம்.

கீழே.
எவ்வளவு லேசாக அந்தச் சொல்லைத் தட்டுகிறான்.

ஓட்டமாவடி நுஸ்கிதான் சத்தம் செய்பவன்.
கிட்ட வரும்போது என்ன சத்தம் வைக்க என்று கேட்டான்.
ஒன்றும் வைக்காதே என்றேன்.
எங்களுக்கு மேலால் போன பொம்பருக்குச்
சத்தம் பின்னால்தான் வரும்,
கேட்டால் நீ இன்னும் இருக்கிறாய் என்று அர்த்தம்.
அவன் கொஞ்ச நேரம் கதைக்கவில்லை.
பிறகு, "எங்கட பக்கமும் கேட்டதுதான்" என்றான்.
வேலைக்குத் திரும்பினோம்,
இரவு பத்துக்குப் பிறகுதானே இன்டர்நெற் ஒழுங்காக ஓடும்.

வயிற்றுக் கதவு திறக்கப்
பதினொரு செக்கன் கொடுத்திருந்தேன்.
இரண்டு மடல், நடுவில் பூட்டு,
முதலில் ஒரு சிவப்புக் கீற்று, பிறகு வாய்.
ஏன் பதினொன்று என்று கேட்டார்கள்.
குளிரில் உலோகம் இறுகும்,
மடல் ஒன்று நாற்பது தொன்,
எண்ணெய் அழுத்தம் ஏற நேரம் எடுக்கும் என்று
படம் கீறி அனுப்பினேன்.
கணக்கெல்லாம் சரி. காரணம்தான் பொய்.
எங்கள் கிணற்றடியிலிருந்து பங்கர் வாசல்
ஒன்பது வயசுக் காலுக்குப் பதினொரு செக்கன்,
தம்பி இடுப்பில் இருந்தால்.

வெள்ளிக்கிழமை பதில் வந்தது.
விளையாடிப் பார்த்த பெடியங்களுக்கு அலுக்கிறதாம்.
கதவு திறந்து முடிய
கீழே நிற்கும் பொம்மைகள் ஓடி ஒளிந்துவிடுகின்றனவாம்,
புள்ளி ஏறவில்லையாம்.
நாலாக்கு.
மற்றபடி வடிவம் எல்லோருக்கும் பிடித்திருக்கிறது,
மிச்சக் காசு திங்கள்.

ஒரு எண்தானே.
பதினொன்றை அழித்து நாலு அடித்தேன்.
கதவு சடக்கென்று விரிந்தது.
பொய் சொல்லக்கூடாது, வடிவாகத்தான் இருந்தது.

விடிந்ததும் போய்க் கிணற்றடியில் நின்றேன்.
பங்கர் இருந்த இடத்தில் இப்போது கோழிக்கூடு.
இருபத்தெட்டு வயசுக் கால்,
இடுப்பில் யாருமில்லை, கையில் போன் மட்டும்.
எண்ணிக்கொண்டு ஓடினேன்.
வேலிக்கு அப்பால் மீன்காரர் மோட்டார்சைக்கிளை நிறுத்தி
"என்ன பிள்ளை, பாம்பா?" என்றார்.

நாலுக்குக் கொடிக்கயிறு வரைதான் வந்திருந்தேன்.
நேற்றுப் போட்ட சாரம்
இன்னும் காயவில்லை.