கூட்டுக்கொரு கூடு

உள்ளங்கையில் அடங்கிவிடும் பலகை.
நடுவில் கறுப்புச் சில்லு, ஓரத்தில் நாற்பது ஊசிகள்.
உரித்த கோழிபோல் மேசையில் கிடக்கிறது.
இதற்கு ஒரு சட்டை வாங்கவேண்டும்,
நாரைகள் வருவதற்குள்.

மார்ச் பத்தொன்பது.
அபவா ஆற்றில் பனிப்பாளங்கள் இன்னும்
ஒன்றையொன்று இடித்துக்கொண்டு போகின்றன.
என் ஜன்னலுக்கு எதிரே கம்பத்தின் உச்சியில்
போன வருடத்துக் கூடு,
லாரிச் சக்கரத்தைவிடப் பெரிது, காலி.

முதலில் அக்ரிலிக் உறை.
ஆறு தகடு, நான்கு திருகு.
உள்ளே சிவப்பு விளக்கு சிமிட்டுவது வெளியே தெரியும்.
அழகுதான்.
ஒட்டுக்காகிதத்தை நகத்தால் உரித்து முடிப்பதற்குள்
தேநீர் ஆறிப்போனது.
நான்காவது திருகை முடுக்கும்போது
மூலையில் டிக்கென்று ஒரு சத்தம்.
கிர்ட்ஸ் விரிசலைத் தடவிப் பார்த்தான்.
"நாரைக்கு ஒரு கொத்து காணாது, வெல்தா."

அடுத்தது அலுமினியம்.
நல்ல கனம், முதுகெல்லாம் வரிவரியான செதில்.
சில்லின் சூட்டை வாங்கிக் காற்றில் விட்டுவிடும்,
விசிறி வேண்டாம்.
மூடினேன், வைஃபை செத்தது.
திறந்தேன், உயிர் வந்தது.
மறுபடி மூடினேன்.
வாய் திறக்காத ஒருவனோடு
பன்னிரண்டு வருடம் குடித்தனம் நடத்தியவள் நான்.
இன்னொன்று வேண்டாம்.

மூன்றாவதை நூலகத்து ஸனீதா
இரவெல்லாம் இயந்திரத்தில் அச்சிட்டுக் கொடுத்தாள்,
ஆரஞ்சு நிறத்தில்,
மூடியில் என் பெயரையும் புடைக்கவைத்து.
வேனில் ஹீட்டர் வாய்க்கு எதிரே வைத்துவிட்டேன்.
தல்சி போய்ச் சேர்வதற்குள்
என் பெயர் ஒரு பக்கமாய்ச் சிரித்தது.
அவளிடம் இன்னும் சொல்லவில்லை.

இருபத்தேழு வருடமாகக் கம்பம் ஏறுகிறேன்.
கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு
நெய்க்கு அலைந்திருக்கிறேன்:
மின்வாரியக் கிடங்கில், மூன்றாவது அடுக்கில்,
சாம்பல் நிற ஜங்ஷன் பெட்டி.
மூடியைச் சுற்றி ரப்பர் வளையம்,
கேபிளின் கழுத்தை இறுக்கிப் பிடிக்க நட்டு,
பாதி கிழிந்த ஸ்டிக்கரில் "உயிருக்கு".
மீதியைக் காணோம்.
அடியில் ஒரு துளை போட்டேன், வேர்த்தால் வடிய.
எறும்புக்குப் பயந்து அதற்கு ஒரு வலை.

கிர்ட்ஸ் கூடைவண்டியை உயர்த்த,
கூட்டுக்குக் கீழே பெட்டி, மேலே நீட்டிய கம்பியில் கேமரா.
கம்பத்துக்கும் பெட்டிக்கும் நடுவில் நாலு விரல் இடைவெளி விட்டேன்,
காற்றோட்டத்துக்கு.

நாரைகள் வந்தன. முட்டை நான்கு.
பெட்டிக்குள் நாற்பத்தொரு டிகிரி, நாற்பத்து மூன்று.
ஆலங்கட்டி அடித்தது, அசையவில்லை.
ஆண்நாரை அதன்மேல் வெள்ளையடித்தது, அதற்கும் அசையவில்லை.
ஜூன் மாதம் அறுபது தாண்டியது.
அறுபத்தெட்டு.
ஒரு பிற்பகலில் படம் உறைந்துபோயிற்று.

ஏறினேன்.
நாலு விரல் இடைவெளி முழுக்க வைக்கோல்,
கோழியிறகு, நீல நைலான் நூல்,
யாருடைய சாக்ஸிலிருந்தோ ஒரு சிட்டிகை கம்பளி.
உள்ளே ஐந்து வாய்கள், மஞ்சள் விளிம்போடு.
சிட்டுக்குருவி.
அதன் அம்மா கம்பியில் உட்கார்ந்து
எனக்குப் புரியும்படியாகவே திட்டியது.

மழைக்குக் கணக்குப் பார்த்தேன்,
தூசிக்கும் எறும்புக்கும் கொத்துக்கும் பார்த்தேன்.
கதகதப்புக்குக் குடிவருவார்கள் என்று
எந்த அட்டவணையிலும் போட்டிருக்கவில்லை.

மூடியைத் திறக்க வைக்கோலைப் பிய்க்கவேண்டும்.
திருப்புளியைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டேன்.
"என்ன ஆச்சு?" என்றான் கீழேயிருந்து.
"ஆள் இருக்கு. இறக்கு."

திரையில் ஒன்பது நாளாக
நாரை ஒற்றைக் காலைத் தூக்கியபடியே நிற்கிறது.
எதிரே அது எப்போதோ காலை ஊன்றி
வெட்டிய புல்வெளிக்குத் தவளை தேடிப் போய்விட்டது.
நான் இங்கே பார்க்கிறேன், அங்கே பார்க்கிறேன்.
தேநீர் இன்றைக்கும் ஆறிவிட்டது.