நூற்றுப் பதினெட்டாம் பக்கம்

லியெபாயாவில் கடற்காற்று
ஜன்னலைத் தோளால் தள்ளிக்கொண்டிருந்த மார்ச்சில்
அந்தத் தடித்த உறை வந்தது.
ஊனா நதிக்கரை, பிஹாச் என்று முத்திரை.
உள்ளே என் கையேடு,
இருநூற்றுப் பன்னிரண்டு பக்கம்,
ஆற்று நீர்மட்டம் அளக்கும்
ஒரு கட்டற்ற மென்பொருளுக்கு நான் எழுதியது.
யாரோ அதை அச்சிட்டு
ஓரமெல்லாம் பென்சிலால் நெருக்கி எழுதி
தபால்தலை ஒட்டி அனுப்பியிருக்கிறார்.

"உங்கள் பிடிஎஃப் என்னைத் தொடவிடவில்லை.
ஆகவே காகிதம்.
ஹாஸிபா, அளவை நிலையம்."

சிரித்துவிட்டுத் திறந்து பார்த்தேன்.
நிஜம்தான்.
வரிமேல் சுட்டியை இழுத்தால் நிறம் ஏறவில்லை.
குறிப்பு எழுதும் பொத்தான்
சாம்பல் பூத்துக் கிடந்தது.
நிரலைத் திறந்துபோட்டிருக்கிறோம்;
எவரும் பிரிக்கலாம், மாற்றலாம்,
பிழை என்று எங்கள் முகத்துக்கு நேரே சொல்லலாம்.
இதையெல்லாம் முன்னுரையில் பெருமையடிக்கும் புத்தகத்துக்கு
கண்ணாடிப் பேழை.

யார் பூட்டியது?
வில்னிஸ் தொகுப்பு ஸ்கிரிப்டைத் தோண்டினான்.
ஏழு வருடத்துக்கு முந்தைய ஒற்றை வரி.
குறிப்புரை அனுமதி: இல்லை.
அதற்கு நேரே என் பெயர்.

ஏன் என்று நினைவில்லை.
யாராவது என் வாக்கியத்தை வளைத்து
ஊரெல்லாம் பரப்புவார்கள் என்று பயந்திருப்பேன்.
அல்லது எங்கிருந்தோ நகலெடுத்து
படிக்காமல் ஒட்டியிருப்பேன்.
இரண்டாவதுதான் என் சுபாவம்.

'இல்லை'யை அழித்து 'உண்டு' என்று தட்டினேன்.
மூன்றெழுத்துக்கு மூன்றெழுத்து.
தேநீருக்கு வைத்த கெட்டில் கொதிப்பதற்குள்
வில்னிஸ் புதிய கோப்பை ஏற்றிவிட்டான்.

அதுவரை வாசகர் என்றால் எனக்கு ஓர் எண்.
மாதம் தொள்ளாயிரம் தரவிறக்கம்,
மழைக்காலத்தில் கொஞ்சம் கூட.

ஏப்ரலில் பிரதிகள் திரும்பி வந்தன.
உருகுவேயின் சால்டோவிலிருந்து நெல்ஸி
"எளிதாக நிறுவலாம்" என்ற இடத்தில்
'எளிதாக'வுக்கு மட்டும் சிவப்புக் கோடு போட்டு
பக்கத்தில் கேட்டிருந்தாள்:
யாருக்கு?

கை மாறி வந்த ஒரு பிரதியில்
ஐந்தாம் அத்தியாயச் சூத்திரத்தருகே
ஒருவர் 'தவறு' என்கிறார்.
கீழே இன்னொரு கை:
'தவறில்லை. உன் ஆறு வேறு.'
அன்று முழுதும் அந்தப் பதிலைச் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன்.
சூத்திரத்தை விட்டுவிட்டு
எந்த ஆற்றுக்கு என்று ஒரு பத்தி சேர்த்தேன்.

பெயர் போடாத ஒருவர்
ஆறாம் அத்தியாயம் முழுக்க மஞ்சள் பூசியிருந்தார்,
படத் தலைப்பைக்கூட விடாமல்.
முதலில் எரிச்சல்.
எல்லாம் முக்கியமென்றால் எதுதான் முக்கியம்?
இரவு பல் துலக்கும்போது உறைத்தது:
அவர் எதையும் தேர்ந்தெடுக்கவில்லை,
மூழ்கிக்கொண்டிருந்திருக்கிறார்.

பிறகு அந்த அடிக்குறிப்பு.
நூற்றுப் பதினெட்டாம் பக்கம்,
எறும்பு எழுத்தில் நான் ஒதுக்கிவைத்தது:
*சேமிக்கும் முன் மின்சாரம் போனால்
அன்றிரவின் அளவுகள் மீளா.*

பதினான்கு பிரதிகளில், பதினான்கு ஊர்களில்
அந்த வரிமேல் மஞ்சள்.
விளக்கம் ஏதுமில்லை, வசவுகூட இல்லை.
ஒருவர் மட்டும் குறிப்புப் பெட்டியைத் திறந்து
ஒன்றும் எழுதாமல் மூடியிருந்தார்.
பெட்டியின் மூலையில் நேரம் பதிந்திருந்தது,
அதிகாலை மூன்று நாற்பது.

வரியை முதல் பக்கத்துக்கு ஏற்றினேன்,
தடித்த எழுத்தில், கட்டம் கட்டி.
வில்னிஸ் தானாகச் சேமிக்கும் வழியை
நிரலில் எழுத உட்கார்ந்தான்;
மே முழுக்க அவனோடு சரியாகப் பேச முடியவில்லை.

ஹாஸிபாவுக்கு நன்றி எழுத
அந்த உறையை மறுபடி எடுத்தேன்.
பக்கம் பக்கமாகப் புரட்டி நூற்றுப் பதினெட்டில் நின்றேன்.

அடிக்குறிப்பின் கீழ்
பென்சில் அழுந்தி அழுந்தி
காகிதம் நீளமாகக் கிழிந்திருந்தது.
மார்ச்சிலேயே பார்த்ததுதான்.
தபாலில் கிழிந்தது என்று நினைத்திருந்தேன்.