எல்லை தாண்டிய ருபார்ப்

ஜனவரியில் எங்கள் படுக்கையறை
உருளைக்கிழங்குகளுடையது.
முட்டை அட்டைகளில், கண் மேலே பார்க்க,
ஜன்னலோரம் அறுபத்துமூவர்.
திரைச்சீலையை இழுக்குமுன்
நெரிஸ் அவர்களிடம் அனுமதி கேட்கிறாள்.

ஸ்வான்சீயில் பிப்ரவரி முழுக்க மழை.
குத்தகைப் பாத்தியில் காலை எடுத்தால்
பூட்ஸ் அங்கேயே நின்றுவிடுகிறது.
கொட்டகையில் உட்கார்ந்து
விதை உறைகளின் முதுகைப் படிக்கிறேன்:
‘கடைசி உறைபனிக்குப் பின் நடவும்.’
எது கடைசி என்று பனிக்கே தெரியாது.
மே பதினொன்றில் வந்தது ஒன்று.
பீன்ஸ் நாற்றெல்லாம் கறுத்துத் தொங்கின.

பக்கத்துப் பாத்தி எம்லின்
வேலிக்கு மேலாக ஆறு நாற்றை நீட்டினார்.
என் ருபார்ப் எல்லை தாண்டிய நாளிலிருந்து
எங்களுக்குள் பேச்சில்லை.
அன்றும் பேசவில்லை.
வாங்கிக்கொண்டேன்.

ஜூலையில் சுக்கினி.
ஒரு நாள் எட்டிப் பார்க்காவிட்டால்
விரல் தொடையாகிவிடும்.
சூப், கேக், ஊறுகாய்,
போதும் என்றாள் நெரிஸ்.
இருட்டியதும் தெருவில் இறங்கி
வாசலுக்கு ஒன்றாக வைத்துவிட்டு
மணியடிக்காமல் திரும்பினேன்,
திருடனுக்கு நேர்மாறாக.
விடிந்தால் எங்கள் வாசலில் ஒன்று.
குனிந்து பார்த்தேன்:
காம்பருகே என் நகக்குறி.

நவம்பர். குழு கூடி வாடகையை ஏற்றியது.
எதிர்த்துத் தூக்கிய கைகள் இரண்டே,
எம்லினுடையதும் என்னுடையதும்.
வெளியே தூறலில்
ஈரச் சாக்கொன்றை என்னிடம் தந்தார்.
உள்ளே தோண்டியெடுத்த ருபார்ப் கிழங்கு.
“அந்தச் சுக்கினியும் உன்னுடையது,
இதுவும்.”

இன்னும் நட்டபாடில்லை.
வேலியிலிருந்து எத்தனை அடி தள்ளி என்று
அளந்துகொண்டிருக்கிறேன்.