ஐந்தாம் எண்

ஃபெராரா எலும்பு மருத்துவமனையில்
பதினேழு நாற்காலிகள் காலியாகக் கிடந்தன.
கைத்தடியைச் சுவரில் சாய்த்துவிட்டு
ஒன்றில் உட்கார்ந்தேன்.
துல்லியோ ஸம்பெலான் உள்ளே வந்தான்,
நேராக
எனக்கும் கதவுக்கும் நடுவில் உட்கார்ந்தான்.

முகத்தை நான் திரும்பிப் பார்க்கவில்லை.
இடது தோளில் அதே பாரம்,
கற்பூரத் தைலமும் வெங்காயமும் கலந்த
அதே மூச்சு.
அறுபத்தெட்டு வயதில்
என் பாதங்கள் நாற்காலிக்கடியில்
ஓட இடம் தேடின.

பதினோரு வருஷம், வருஷத்துக்கு இரண்டு ஞாயிறு
என் சட்டையைப் பிடித்துக்கொண்டு வாழ்ந்தவன்.
வலப்பக்கம் வெட்டித் திரும்புமுன்
நான் கீழுதட்டைக் கடிப்பேன் என்பது
என் மனைவிக்கு இன்றுவரை தெரியாது.
மூன்றாவது ஆட்டத்திலேயே தெரிந்துகொண்டான் இவன்.

கார்னருக்குக் காத்திருக்கும்போது பேச்சுக் கொடுப்பான்.
டீசல் விலை.
ரொவிகோவில் கோதுமையைக் கிடத்திப்போட்ட ஆலங்கட்டி மழை.
'உன் சின்னவளுக்கு அம்மை இறங்கிவிட்டதா?'
பாவி, உண்மையாகவே கேட்பான்.
நானும் பதில் சொல்ல வாயெடுப்பேன்.
அதற்குள் பந்து
என் தலையைத் தாண்டிப் போயிருக்கும்.

மறுநாள் பத்திரிகை அவனுக்குப் பத்துக்கு ஆறு போடும்.
மழையிலும் ஆறு, வெயிலிலும் ஆறு.
ஒட்டுப்பட ஆல்பத்தில் கண்மூடி நிற்பான்,
புகைப்படக்காரர் இன்னொரு தடவை
எடுக்கச் சோம்பல்பட்டிருக்கிறார்.
என் படம் ஒன்றுக்கு
அவன் படம் நான்கு தருவார்கள் பிள்ளைகள்.

நானூற்றுப் பன்னிரண்டு ஆட்டம், மூன்று கோல்.
அதில் இரண்டு சொந்த வலையில்.
இரண்டாவதில்தான் அவர்கள் அணி
கீழ்ப்பிரிவுக்கு இறங்கியது.
கடைசி நிமிஷம், சேறு, முழங்காலில் பட்டு உள்ளே.
வெளியே அவன் காரின் கண்ணாடியை நொறுக்கிக்கொண்டிருந்தார்கள்.
இவனோ மைதானக்காரரோடு நின்று
வலையின் கொக்கிகளை ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டிருந்தான்.
அதற்குப் பிறகு ஆடவில்லை.
அத்ரியாவில் டயர் கடை வைத்தான் என்று கேள்வி.

ஒருநாள் குளியல் தொட்டியில் கிடந்தபடி
நான் அடிக்காமல் போன கோல்களை எண்ணிப் பார்த்தேன்.
முப்பத்தொன்றில் தண்ணீர் ஆறிப்போனது.
அத்தனையும் அவனுடையவை.
எந்தப் பேரேட்டிலும் இல்லை.

இன்னொன்றும் எங்கும் எழுதப்படவில்லை.
எண்பத்துமூன்று டிசம்பர்,
போ நதி எழுந்து வந்து மைதானத்தில் படுத்துக்கொண்டதுபோல் மூடுபனி.
முதலில் எதிர்முனை கோல் கம்பம் போனது,
பிறகு கூட்டம், பிறகு பந்து.
விசில் எங்கள் காதில் விழவில்லை.
ஆட்டம் ரத்தாகி
எல்லோரும் வெந்நீரில் நின்றுகொண்டிருந்தபோது
வெள்ளைக்குள் நாங்கள் இருவர் மட்டும்.
நான் நகர்ந்தால் அவன் நகர்வான்.
நான் நின்றால் நிற்பான்.
எத்தனை நேரமோ.
பயந்தேன் என்பதை இப்போது சொல்லலாம்.
இடுப்பில் அவன் முஷ்டி
சட்டையை இறுக்கியிருந்தது,
அதை மட்டும் தட்டிவிடவில்லை நான்.

'எந்தக் கால்?' என்றான் இப்போது.
'இரண்டும்.'
'எனக்கு இடது மட்டும்' என்றான்,
ஏதோ சலுகை கிடைத்தவன்போல.
வலதுகால் ஆணிகளில் இரண்டு என்னுடைய பூட்ஸ் போட்டவை;
அதைப் பற்றி இருவரும் பேசவில்லை.
டீசல் விலையைப் பற்றிப் பேசினோம்.

செவிலி என் பெயரைக் கூப்பிட்டாள்.
எழுந்தேன்.
பழக்கதோஷம்,
இடப்பக்கம் சாய்வதுபோல் சாய்ந்து
வலப்பக்கம் திரும்பினேன்.
ஏமாறவில்லை அவன்.
வலப்பக்கமே நீண்டிருந்தது
அவன் கையில்
நான் மறந்துவிட்டுக் கிளம்பிய
கைத்தடி.