தபால்கார ஆடு

ஏழு நிமிடம்தான் அதன் ஆயுள்.
அதிலும் முதல் நிமிடம்
பெயர்ப் பலகைகளுக்குப் போய்விடும்.

ஃபோர்ட் லீ, நியூ ஜெர்சி.
1919, பிப்ரவரி.
கண்ணாடிக் கூரை போட்ட கொட்டகையில்
எல்பர்ட் வான்டர்வீர் வரைந்துகொண்டிருந்தார்:
தொப்பி வைத்த ஆடு, தோளில் தபால் பை,
பெயர் ஒபதியா.
முகவரி புரியாத கடிதங்களை
அது தின்றுவிடும். கதை அவ்வளவுதான்.
கடன் நோட்டீஸ் என்றால் விக்கல் எடுக்கும்.
காதல் கடிதம் என்றால்
நான்கு கால்களும் தனித்தனியே ஆடும்.

வரைவது அவர்.
கழுவுவது ஓட்டிலி க்ரௌஸ்.

செல்லுலாய்டு தாள் விலை அதிகம்.
படம் பிடித்தானதும், மாலை ஐந்து மணிக்கு
ஒரு கட்டு அவளிடம் வரும்.
வெந்நீர், சலவை சோப்பு, மெல்லிய துணி.
முதலில் கொம்பு கரையும்,
பிறகு தொப்பி.
கண்களை மட்டும் கடைசிக்கு வைப்பாள்.
ஏன் என்று கேட்டால் தெரியாது என்பாள்.
வாரம் ஒன்பது டாலர்.
இரவு ரொட்டியைப் பிய்க்கும்போது
நகக்கண்ணில் ஆடு இருக்கும்.

"இன்றைக்கு எத்தனை பேரைக் கொன்றாய்?"
என்பான் அண்ணன் ருடி.
"இருநூற்றுப் பன்னிரண்டு."
போரிலிருந்து திரும்பி வந்தவன் அவன்.
அந்த வேடிக்கையை
அதற்குமேல் நீட்டமாட்டான்.

ஒரு நாள் மை காயப் பரப்பிய தாள்களில்
அவள் பார்த்தாள்:
பாலம் தாண்டும் காட்சியில்
ஏழு தாள்களில் வாலே இல்லை.
சொன்னாள்.
வான்டர்வீர் காதில் பென்சிலோடு நிமிர்ந்தார்.
"யார் கவனிக்கப்போகிறார்கள்?"
"நான் கவனித்தேனே."
பேனாவை அவள் பக்கம் தள்ளிவிட்டுப்
படகைப் பிடிக்கப் போய்விட்டார்.

ஏழு வால்கள்.
அவள் போட்டவை கொஞ்சம் அதிகமாகச் சுருண்டிருந்தன.

ஹேக்கென்சாக் தியேட்டரில், சனிக்கிழமை,
பியானோக்காரர் அவசரமாக வாசித்தார்,
பசியோ என்னவோ.
பாலம் வந்தது, போனது. அரை விநாடி.
பின்வரிசையில் ஒரு குழந்தை சிரித்தது.
வாலுக்குத்தானா தெரியவில்லை.
இருமலாகவும் இருந்திருக்கலாம்.
கடைசியில் ஒபதியா
முற்றும் என்ற பலகையையும் ஓரத்திலிருந்து தின்று
வெற்றுத் திரையில்
சத்தமில்லாமல் ஏப்பம் விட்டது.

இரண்டாவது படத்துக்குப் பணம் வரவில்லை.
வான்டர்வீர் டிரென்டனில்
மாமனாரின் பெயின்ட் கடைக்குப் போனார்.
ரீல்களை எடைக்கு வாங்கியவன்
வெள்ளியைப் பிரித்துக்கொண்டான்.
மிச்சம் சீப்பானதோ,
யாருடைய காலணிக்கு மெருகானதோ.
ஓட்டிலி எங்கே போனாள் என்பதற்கு
எந்தத் தாளும் இல்லை.

ஸ்க்ரான்டனில் ஒரு தேவாலய நிலவறையில்,
பிஸ்கட் டப்பாவுக்குள்,
பன்னிரண்டு அடி படச்சுருள் கிடைத்தது.
ஓட்டினால் பன்னிரண்டு விநாடி.
பாலம் இல்லை. வால் இல்லை, அதாவது அவள் வால்.
ஆடு கதவைத் தட்டுகிறது,
தொப்பியைச் சரிசெய்கிறது,
மறுபடி தட்டுகிறது.
நூற்று நாற்பதாவது சட்டத்தில் மட்டும்
அதன் விலாவில்
ஒரு கட்டைவிரல் ரேகை.
ஓட்டும்போது தெரியாது.
நிறுத்தினால்தான்.

காப்பகத்தில் டெஸ்மண்ட் ஒகாஃபர் நிறுத்தினார்.
அட்டையில் எழுதினார்: "கறை. நீக்கலாமா?"
எழுதிவிட்டுச் சாப்பிடப் போனார்.
திரும்பி வந்து
இரண்டாவது சொல்லை மட்டும் அடித்தார்.
பிறகு, யாரும் பார்க்கவில்லை என்று தெரிந்துகொண்டு,
ஒளிமேசையில் கிடந்த அந்தச் சட்டத்தின்மேல்
கையுறை போட்ட தன் கட்டைவிரலை
படாமல் பிடித்துப் பார்த்தார்.

முழு ஆடும் மறைந்தது.