பதினோரு வானம்

ஹசிந்தாவுக்கு ஏழு வயது நிறைகிறது.
ராத்திரி வானம்தான் வேணுமாம்,
கேக்கிலிருந்து அழைப்பிதழ் வரை.

கடையில் நட்சத்திரத் தாள் ஒன்று தொண்ணூறு பெசோ.
பதினோரு பேர். பெருக்கிப் பார்த்துவிட்டு
"அப்புறம் வரேன்" என்றேன்.
வரமாட்டேன் என்று கடைக்காரிக்கும் தெரியும்.

ஞாயிறு, மொந்தேவிதேயோவின் பழஞ்சந்தை.
துருப்பிடித்த சாவிகளுக்கும் ஒற்றைச் செருப்புகளுக்கும் நடுவே
ஒனேசிமோ பரப்பியிருந்தார்
மூடிப்போன ஆஸ்பத்திரி ஒன்றின் எக்ஸ்ரே படங்களை.
கட்டு நாற்பது பெசோ.
"எதுக்கு?"
"வானத்துக்கு."
மேற்கொண்டு கேட்காமல்
இன்னும் நாலு படம் சேர்த்துக் கட்டினார்.

ஓரத்திலிருந்த பெயர்களை வெட்டி எறிந்தேன்.
இடுப்பு மூட்டு வாய்த்தவர்களுக்கு முழுநிலா.
மற்றவர்களுக்கு விலா எலும்பு,
மேகம் என்று வைத்துக்கொள்ளட்டும்.
ஊசியால் குத்தக் குத்த
சமையலறை பல்புக்கு எதிரே விண்மீன்கள்.
வெள்ளைப் பேனாதான் பெரிய செலவு, நூற்றிருபது.
அதுவும் எட்டாவதில் வற்றிவிட்டது.
மிச்சம் மூன்றுக்குப் பக்கத்து வீட்டு நகப்பூச்சு.

சனிக்கிழமை எல்லாரும் வந்தார்கள்.
நாசரேனோ மட்டும் உள்ளே வரவில்லை.
அழைப்பிதழை இரு கையாலும் நீட்டினான்:
"இந்தக் கை யாரோடது?
அவங்களுக்கு வேணுமா இருக்கும்."

நான் பதில் தேடிக்கொண்டிருக்கையில்
ஹசிந்தா அதை வாங்கி
சன்னலில் ஒட்டிப் பிடித்தாள்.
"பாரு, ஒடஞ்ச இடம் கூடிடுச்சு.
இனிமே வேணாம் அவங்களுக்கு."
அவனை இழுத்துக்கொண்டு ஓடினாள்.

தட்டு பத்துதான் வாங்கியிருந்தேன்.
கடைசித் துண்டு கேக்கை
அந்தக் கைதான் தாங்கியது.