காலி

ஆல்வின் லோபோ வேலையை விட்டுப் போனபோது
எனக்கு விட்டுப் போனவை:
ஒரு மேசை விசிறி, அரைப் பொட்டலம் இஞ்சி மிட்டாய்,
நாற்பத்திரண்டு வரி நிரல்.
"தினமும் ராத்திரி தானா ஓடும். தொடாதே."

நான் தொடவில்லை.
மடிக்கணினியைத்தான் மாற்றினார்கள்.

பழையதில் பாஷ். லோபோவின் பாஷை அது.
புதியது பெட்டியிலிருந்து வரும்போதே ஸீ-ஷெல்.
அதே கறுப்புத் திரை, அதே கண்சிமிட்டும் கட்டம்;
பழகிய வீடென்று செருப்பைக் கழற்றிவிட்டு
பக்கத்து வீட்டுக்குள் போய்விடலாம்.

ஷெல் என்றால் ஓடு.
இயக்கு என்பதற்கும் ஓடு.
தமிழுக்கு இதில் குழப்பமே இல்லை.

அன்று ராத்திரி ஓடவில்லை.
விக்ரோலி அலுவலகம், மணி இரண்டு நாற்பது,
ஏசி நின்றுபோய் லோபோவின் விசிறி மட்டும்
தலையாட்டிக்கொண்டிருக்க
நாற்பத்திரண்டு வரியையும் வழித்தெடுத்துத்
திரையில் ஒட்டினேன்.

முப்பத்தொன்றாவது வரி சொல்வது இவ்வளவுதான்:
பட்டியலில் முதலில் நிற்கும் பழைய நாளை எடு,
அதை மட்டும் அழி.

லோபோ பூஜ்ஜியத்திலிருந்து எண்ணுகிறவர்.
புதியது ஒன்றிலிருந்து எண்ணும்.
பூஜ்ஜியத்தில் யார் என்று கேட்டதற்கு
யாருமில்லை என்று கத்தியிருக்கலாம்.
கத்தவில்லை.
ஒரு வெற்றிடத்தை மரியாதையாக நீட்டியது.

கிடங்கின் பெயர், ஒரு சாய்கோடு,
அதற்குப் பின்னால் ஒன்றுமில்லை.
கிடங்கில் இருக்கும் ஒன்றுமில்லாததை அழி என்றால்
கிடங்கையே அழி என்று அர்த்தமாம்.
அரை நொடிகூட ஆகவில்லை.

இந்த ஊரில் இருந்துகொண்டு
எனக்கு இது முன்பே தெரிந்திருக்க வேண்டும்.
வந்த புதிதில் பஸ் கண்டக்டர்
"காலி உத்ரா, காலி உத்ரா" என்று விரட்ட
யார் காலி என்று நடுங்கியிருக்கிறேன்.
மராத்தியில் காலி என்றால் கீழே.
இந்தியில் வெறுமை.
என் வாயில் வந்தால் ஆளே அவுட்.
இரண்டே எழுத்து. எங்கேயும் பிழைச்செய்தி வராது.

தாதரில் ஒன்றாம் நடைமேடையை
எட்டு என்று மாற்றிய வாரமும் அப்படித்தான்:
ஒன்று ஒன்று என்று விசாரித்து ஏறி
மாஹிமில் போய் இறங்கினேன்.

அழிந்தவை வழித்தாள்கள்.
எந்தக் கட்டடம், எந்த மாடி, எத்தனை பாக்கெட் பால்.

மூன்றே காலுக்கு குர்லா டிப்போவிலிருந்து தத்தாராம்:
"மேடம், காகத் காலி."
எந்தக் காலி என்று கேட்டேன்.
அவர் சிரித்ததில் வண்டி ஸ்டார்ட் ஆகும் சத்தமும் கலந்திருந்தது.
"ராஹு த்யா மேடம், எனக்குத் தெரியும்."

அறுபத்தொரு கட்டடம்.
மூன்றாம் மாடி ஷா வீட்டுக்கு இரண்டு,
ஏழாம் மாடி குல்கர்ணிக்கு ஏகாதசி தவிர ஒன்று,
நாய் இருக்கும் வீட்டில் மணி அடிக்கக் கூடாது.
இதெல்லாம் எந்த ஓட்டில் ஓடுகிறது அவருக்கு?

ஐந்தரைக்குள் பிரதியிலிருந்து எல்லாவற்றையும் மீட்டேன்.
நிரலின் தலையில் ஒரு வேலிக்குறி, ஒரு ஆச்சரியக்குறி,
லோபோவின் ஓட்டுக்குப் போகும் வழி.
அவர் அதை எழுதியதே இல்லை.
உலகத்தில் ஒரே ஓடுதான் என்று இருந்திருக்கிறார்.
கீழே நான் குறிப்பு சேர்த்தேன்:
கோப்பாக ஓட்டு. ஒட்டாதே.

திலக் நகரில் நான் குடிவந்து ஒன்பது நாள்.
தரைத்தளம். கதவில் எண் பூஜ்ஜியம் பூஜ்ஜியம் ஒன்று,
லிஃப்டில் அதற்குப் பொத்தான் பூஜ்ஜியம்.
தத்தாராமின் மனப்பாடம்
முதல் மாடியிலிருந்து தொடங்குகிறது போலிருக்கிறது.

கதவுப் பிடியில் தொங்கியது துணிப்பை,
இந்தியில் காலி.

பால் இல்லாமல் டீ கொதித்தது.
மிட்டாய் ஒன்றே ஒன்று மிச்சமிருந்தது,
அதைப் போட்டேன்.